சிவப்பில் நிற்கும் எரிபொருள் அழுத்தம்: சின்ன விமானங்களில் எந்த எண்ணை நம்புவது?

இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானங்களை ஓட்டுபவர்களும் பராமரிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. என்ஜின் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. சுழற்சி வேகம், எண்ணெய் அழுத்தம், வெப்பநிலை எல்லாம் சரி. எரிபொருள் அழுத்தம் மட்டும் திடீரென்று சிவப்புக்குப் போகிறது, கொஞ்ச நேரத்தில் தானாகவே பச்சைக்குத் திரும்புகிறது. சென்சாரை மாற்றினால் சில வாரங்கள் ஒழுங்காக இருக்கிறது, அப்புறம் பழைய கதைதான். கடைசியில் பலரும் "அந்த மீட்டர் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது. எரிபொருள் உண்மையிலேயே நின்றுபோகும் நாளிலும் அதே சிவப்புதான் எரியும். பல மாதங்களாக அதைப் பொருட்படுத்தாமல் பழகிய விமானி, அன்றும் சில நொடிகள் கூடுதலாகக் காத்திருப்பார். புறப்பட்டு ஏறும்போது அந்த நொடிகள் உயிர் சம்பந்தப்பட்டவை. எனவே சென்சாரைக் கழற்றி எறிவதற்கு முன்னால், பிழை எரிபொருளிலா, சென்சாரிலா, ஒயரிலா என்று பிரித்தறிய வேண்டும். எரிபொருள் அழுத்தம் என்றால் என்ன என்பதிலிருந்தே தொடங்கலாம்.

## அழுத்தம் எதைச் சொல்கிறது?

சின்ன விமானங்களில் மிகப் பரவலாக இருக்கும் என்ஜின்களில் ஒன்று ஆஸ்திரியாவின் ரோடாக்ஸ் 912. இந்தியாவில் என்.சி.சி. மாணவர்கள் பறக்கும் பிபிஸ்ட்ரல் விரஸ் எஸ்.டபிள்யூ 80 விமானத்தில் இருப்பதும் இதன் 80 குதிரைத்திறன் வடிவம்தான். பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் உள்ள 912ஐ எடுத்துக்கொள்வோம். டேங்கிலிருந்து எரிபொருள் ஃபில்டர் வழியாக வருகிறது. பல விமானங்களில் வழியில் ஒரு மின்சாரத் துணைப் பம்ப் உண்டு. அடுத்து, என்ஜினே இயக்கும் டயாஃப்ரம் பம்ப், அதாவது மெல்லிய சவ்வு ஒன்று அசைந்து எரிபொருளைத் தள்ளும் பம்ப். அங்கிருந்து குழாய் பிரிந்து இரண்டு கார்புரேட்டர்களுக்குப் போகிறது. மிச்சமாகும் எரிபொருளும் ஆவியும் ஊசித்துளை அளவுள்ள ஒரு தடுப்பான் வழியாக டேங்குக்கே திரும்புகின்றன. பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருக்கும் அழுத்தத்தைத்தான் சென்சார் அளக்கிறது.

இந்த என்ஜினுக்கு அனுமதிக்கப்பட்ட குறைந்த அழுத்தம் 0.15 பார், அதாவது 2.2 பி.எஸ்.ஐ. மேல் எல்லை பழைய பம்புக்கு 0.4 பார், புதிய வகைப் பம்புக்கு 0.5 பார். அழுத்தம் குறைந்தால் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணம் நிரம்பாது. கலவை மெலிந்து, என்ஜின் தடுமாறி நிற்கும். கூடினால் மிதவை ஊசியைத் தள்ளிக்கொண்டு எரிபொருள் வழியும். கலவை கொழுத்து என்ஜின் திணறும். இரண்டு பக்கமும் உண்மையான கேடு உண்டு.

இவை எவ்வளவு சிறிய எண்கள் என்பதுதான் இந்தச் சிக்கலின் வேர். கார் டயரில் 30 பி.எஸ்.ஐக்கு மேல் காற்று அடிக்கிறோம். அதில் ஒரு பி.எஸ்.ஐ கூடினாலும் குறைந்தாலும் யாரும் கவலைப்படுவதில்லை. இங்கே பச்சைப் பகுதி முழுவதுமே மூன்றரை முதல் ஐந்து பி.எஸ்.ஐ அகலம்தான். ஒரு பி.எஸ்.ஐ பிழை வந்தாலே ஆரோக்கியமான என்ஜினைச் சிவப்பில் காட்டிவிடலாம், நோயுள்ள என்ஜினைப் பச்சையிலும் காட்டிவிடலாம்.

மற்ற என்ஜின்களில் எண்கள் வேறு. கார்புரேட்டர் உள்ள லைகாமிங் ஓ-320 போன்றவை 0.5 முதல் 8 பி.எஸ்.ஐ வரை ஏற்கும். எரிபொருளைப் பீய்ச்சும் ரோடாக்ஸ் 912 ஐ.எஸ். ஏறக்குறைய 3 பாரில் வேலை செய்கிறது. அழுத்தம் கூடக் கூட, சின்னச் சின்ன மின்பிழைகளின் பங்கு குறையும். கார்புரேட்டர் விமானங்களில் இந்தப் புகார் அதிகம் வருவதற்கு அது ஒரு காரணம்.

## மூன்று வகைச் சென்சார்கள்

எல்லாச் சென்சாரும் ஒரே மாதிரி கெட்டுப்போவதில்லை. உங்கள் விமானத்தில் இருப்பது எந்த வகை என்று தெரிந்தால்தான் அறிகுறிகளைப் படிக்க முடியும்.

1. மின்தடை வகை. வி.டி.ஓ. நிறுவனத்தின் சென்சார்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அழுத்தம் ஒரு தகட்டை நகர்த்த, அதோடு இணைந்த முள் மின்தடைக் கம்பிச்சுருளின் மேல் உரசிக்கொண்டு நகரும். அழுத்தமே இல்லாதபோது சுமார் 10 ஓம், முழு அழுத்தத்தில் சுமார் 180 ஓம். ஒற்றை ஒயர் உள்ள வகையில் கிரவுண்டு, அதாவது மின்னோட்டம் திரும்பும் வழி, சென்சாரின் உடல் வழியாகவே கிடைக்கிறது.

2. மின்னழுத்த வகை. மூன்று ஒயர்: 5 வோல்ட், கிரவுண்டு, சிக்னல். அழுத்தம் இல்லாதபோது 0.5 வோல்ட், முழு அழுத்தத்தில் 4.5 வோல்ட். இப்போதைய டிஜிட்டல் திரைகளுடன் பெரும்பாலும் இந்த வகைதான் வருகிறது.

3. மின்னோட்ட வகை. அழுத்தம் இல்லாதபோது 4 மில்லி ஆம்பியர், முழு அழுத்தத்தில் 20 மில்லி ஆம்பியர். ஒயர் அறுந்தால் பூஜ்ஜியம் ஆகிவிடும். ஆக, "அழுத்தம் இல்லை" என்பதும் "ஒயர் இல்லை" என்பதும் தனித்தனியாகத் தெரியும்.

முதல் வகையில் இரண்டு விஷயங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒன்று, என்ஜின் அதிர்வில் முள் எப்போதும் ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும். வழக்கமான அழுத்தம் எதுவோ, சரியாக அந்த இடத்தில்தான் கம்பிச்சுருள் தேயும். அதனால் பூஜ்ஜியத்திலும் உச்சத்திலும் ஒழுங்காகக் காட்டும் சென்சார், பறக்கும்போது மட்டும் துள்ளும். மேசையில் வைத்துச் சோதித்துவிட்டு "சென்சார் நன்றாக இருக்கிறது" என்று முடிவு செய்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இரண்டாவது இன்னும் மோசமானது. கிரவுண்டு இணைப்பில் துரு ஏறினால் அங்கே கூடுதல் மின்தடை சேர்கிறது. இந்த வகையில் மின்தடை கூடினால் அழுத்தம் கூடியதாகத்தான் மீட்டர் எடுத்துக்கொள்ளும். 30 பி.எஸ்.ஐ வரை அளக்கும் சென்சாரில் 10 ஓம் கூடினாலே ஏறக்குறைய ஒன்றே முக்கால் பி.எஸ்.ஐ கூடுதலாகத் தெரியும். உண்மை அழுத்தம் 1 பி.எஸ்.ஐக்கு விழுந்திருந்தாலும் முள் பச்சையில் நிற்கும். பொய்யான சிவப்பைப் பற்றிப் புகார் வருகிறது. பொய்யான பச்சையைப் பற்றி யாரும் புகார் சொல்ல மாட்டார்கள்.

## முதலில் எண்ணை நம்புங்கள்

சென்சார் பொய் சொல்கிறது என்று நிரூபணமாகும்வரை அது உண்மை சொல்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வானத்தில் இருக்கும்போது இதில் விவாதமே கிடையாது. விமானக் கையேடு சொல்வதுபோலத் துணைப் பம்பைப் போடுவது, டேங்கை மாற்றுவது, உயரத்தைக் கைவிடாமல் அருகிலுள்ள ஓடுபாதைப் பக்கம் திரும்புவது: இவற்றைச் செய்தபிறகு யோசித்தால் போதும். என்ஜின் சீராக ஓடுகிறது என்பதை மட்டும் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் எரிபொருள் தீரும்வரை எந்த என்ஜினும் சீராகத்தான் ஓடும்.

அழுத்தம் உண்மையாகவே ஆடுவதற்கான காரணங்களில் முதலிடம் ஆவிக்கு. சூடான என்ஜின் அறைக்குள் போகும் குழாயில் பெட்ரோல் கொதித்துக் குமிழி விட்டால், பம்ப் திரவத்துக்குப் பதிலாக ஆவியைத் தள்ளப் பார்க்கும்; அழுத்தம் துடித்துத் துடித்து விழும். வெயில் நாளில் தரையிறங்கி, கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து, மறுபடி கிளப்பும்போது இது அதிகம் நடக்கும், ஏனென்றால் நின்ற என்ஜினின் சூடு முழுக்கக் குழாய்களில் இறங்கியிருக்கும். டேங்குக்குத் திரும்பும் குழாயின் தடுப்பான் அடைத்திருந்தால் ஆவி வெளியேற வழியின்றி இது இன்னும் கூடும்.

பங்க் பெட்ரோல் போடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரோடாக்ஸ் 912க்கு எத்தனால் அனுமதி 10 சதவீதம் வரைதான். இந்தியப் பெட்ரோல் பங்குகளில் இப்போது பரவலாகக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. கையில் இருக்கும் பெட்ரோல் எது என்று தெரியாமல் சென்சாரை மட்டும் ஆராய்வதில் பயனில்லை.

மற்ற காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: அழுக்கேறிய ஃபில்டர், அடைத்துப்போன டேங்க் காற்றுத்துளை, உள்ளே உரிந்து மடங்கிய பழைய ரப்பர் குழாய், கிழிந்த பம்ப் டயாஃப்ரம். பம்பின் வடிகால் துளையில் பெட்ரோல் ஈரம் தெரிந்தால் பம்ப் போய்விட்டது என்று பொருள். சென்சார் எப்படி இருந்தாலும் அந்த விமானம் பறக்கக் கூடாது.

## எப்போது மாறுகிறது என்பதுதான் துப்பு

"எவ்வளவு காட்டியது" என்பதைவிட "எப்போது மாறியது" என்பது அதிகம் சொல்லும். பெரும்பாலான டிஜிட்டல் திரைகள் எண்களைப் பதிவு செய்கின்றன. அந்தப் பதிவைக் கணினியில் வரைபடமாகப் பார்ப்பதற்கு ஈடான கருவி வேறில்லை. பார்க்க வேண்டிய வடிவங்கள்:

1. விளக்கு, பம்ப், ரேடியோ போடும்போது அந்த நொடியே எண் தாவுகிறது. இது கிரவுண்டு கோளாறு. பல கருவிகளின் மின்னோட்டம் ஒரே கிரவுண்டு ஒயர் வழியாகத் திரும்பும்போது அதில் சிறிய மின்னழுத்தம் எழும். 15 பி.எஸ்.ஐ வரை அளக்கும் மின்னழுத்த வகைச் சென்சாரில் 0.1 வோல்ட் பிழைக்கு ஏறக்குறைய 0.4 பி.எஸ்.ஐ மாறும். 150 பி.எஸ்.ஐ வரை அளக்கும் சென்சாரை யாராவது இங்கே போட்டிருந்தால் அதே 0.1 வோல்ட்டுக்கு 3.75 பி.எஸ்.ஐ தாவும், பழைய பம்பின் பச்சைப் பகுதி முழுவதையும் ஒரே தாவலில் கடந்துவிடும். துணைப் பம்பைப் போட்டால் அழுத்தம் உண்மையாகவும் மாறும் என்பதால், முதலில் தரையிறங்கும் விளக்கைப் போட்டுப் பாருங்கள். விளக்குக்கும் பெட்ரோலுக்கும் சம்பந்தமில்லை. ரேடியோவில் பேசும் பொத்தானை அழுத்தும்போது மட்டும் தாவினால், ஆன்டெனா அலை சிக்னல் ஒயருக்குள் புகுகிறது.

2. குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் மட்டும் துள்ளுகிறது. அதிர்வு. தளர்ந்த கனெக்டர், சரியாக நெரிக்கப்படாத முனை, அல்லது மேலே சொன்ன தேய்ந்த கம்பிச்சுருள்.

3. ஏற ஏறச் சீராகக் குறைகிறது, இறங்க இறங்கத் திரும்புகிறது. இதுதான் நிறையப் பேரைக் குழப்பும் வடிவம் என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

எரிபொருள் அழுத்தம் என்று நாம் சொல்வது சுற்றியுள்ள காற்றழுத்தத்தைவிட எவ்வளவு கூடுதல் என்பதைத்தான். அதை அளக்கச் சென்சாருக்கு வெளிக்காற்றோடு தொடர்பு வேண்டும். அதற்கென்றே ஒரு நுண்துளை இருக்கும். அந்தத் துளை பெயின்டாலோ பசையாலோ அடைபட்டால், அல்லது துளையே இல்லாத மூடிய வகைச் சென்சாரை வாங்கிப் போட்டிருந்தால், உள்ளே கடல்மட்டக் காற்று சிறைப்பட்டிருக்கும். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. 5,000 அடியில் 12.2. உண்மை எரிபொருள் அழுத்தம் 4 பி.எஸ்.ஐ என்று வைத்துக்கொள்வோம். 5,000 அடியில் குழாயின் மொத்த அழுத்தம் 16.2. சென்சார் அதிலிருந்து 14.7ஐக் கழித்து 1.5 என்று சொல்லும். எல்லை 2.2. சிவப்பு! ஒரு கோளாறும் இல்லாத என்ஜின், நன்றாக வேலை செய்யும் சென்சார், ஆனாலும் பொய்.

ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய அரை பி.எஸ்.ஐ வீதம், துள்ளல் இல்லாமல், உயரத்தோடு ஒட்டியபடி குறைந்தால் காரணம் இதுதான். உயரே போனால் ஆவி பிரச்சினையும் கூடும் என்பது உண்மை. ஆனால் ஆவியால் வரும் வீழ்ச்சி துடிக்கும். இப்படி நேர்கோட்டில் இறங்காது.

## தரையில் சோதிக்கும் வரிசை

கீழே உள்ளதை வரிசையாகச் செய்வது முக்கியம். குழாயைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் பேட்டரியைத் துண்டித்து, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திறந்த வெளியில் செய்ய வேண்டும். சான்றிதழ் பெற்ற விமானமானால், இந்த வேலையும் கையெழுத்தும் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளருடையவை.

1. திரையின் அமைப்பைப் பாருங்கள். 30 பி.எஸ்.ஐ சென்சாரை மாட்டிவிட்டு 15 பி.எஸ்.ஐ என்று தேர்ந்தெடுத்திருந்தால் எண் பாதியாகத்தான் வரும். காசு செலவில்லாத இந்தச் சோதனையைக் கடைசியில் செய்பவர்கள்தான் அதிகம்.

2. இரண்டு பம்பையும் தனித்தனியே ஓட்டுங்கள். என்ஜின் நிற்கும்போது மின்பம்பை மட்டும்; பிறகு மின்பம்பை நிறுத்தி என்ஜின் பம்பை மட்டும். ஒன்றில் சரியாகவும் மற்றதில் குறைவாகவும் வந்தால் சந்தேகம் பம்பின் மேல். இரண்டிலும் ஒரே அளவு குறைந்தால் சென்சார், ஒயர், அல்லது இரண்டுக்கும் பொதுவான ஃபில்டரும் குழாயும்.

3. இன்னொரு மீட்டரை இணையுங்கள். அதே குழாயில் ஒரு டி-இணைப்பு போட்டு, மின்சாரமே இல்லாத முள் மீட்டர் ஒன்றை மாட்டி என்ஜினைத் தரையில் ஓட்டுங்கள். இரண்டும் சேர்ந்து விழுந்தால் பிரச்சினை எரிபொருளில். முள் மீட்டர் அசையாமல் திரை மட்டும் ஆடினால் மின்பக்கம். எல்லாவற்றிலும் தெளிவான பதில் தரும் சோதனை இதுதான்.

4. சென்சாருக்குப் பதில் ரெசிஸ்டர். மின்பக்கம்தான் என்று தெரிந்தபின், மின்தடை வகையானால் சென்சாரின் ஒயரைக் கழற்றி 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை அந்த இடத்திலேயே கிரவுண்டோடு இணையுங்கள். மின்னழுத்த வகையானால் ஒரே அளவுள்ள இரண்டு ரெசிஸ்டர்களை 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே போட்டு, இணையும் இடத்திலிருந்து சிக்னல் எடுங்கள். இப்போது திரை ஒரே எண்ணில் அசையாமல் நிற்க வேண்டும். என்ஜினைத் தரையில் ஓட்டி, விளக்குகளைப் போட்டு, ஒயரை இடம் இடமாக ஆட்டிப் பாருங்கள். அப்போதும் எண் துள்ளினால் சென்சார் நிரபராதி. அடுத்து வாங்கும் சென்சாரும் அதே மாதிரிதான் காட்டும்.

5. நீர்த்தம்பத்தால் அளவைச் சரிபாருங்கள். எண் நிலையாக இருந்தாலும் சரியாக இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. சென்சாரை என்ஜினிலிருந்து கழற்றி, ஒயர் இணைப்பை மட்டும் விட்டுவைத்து, நீளமான ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயை மாட்டுங்கள். குழாயைக் கீழே இறக்கி 'யு' வடிவில் மேலே கொண்டுபோய், மறுமுனையில் தண்ணீர் ஊற்றுங்கள். இரு பக்க நீர்மட்டங்களின் வித்தியாசம் 70 சென்டிமீட்டர் என்றால் 1 பி.எஸ்.ஐ. 153 சென்டிமீட்டர் என்றால் 0.15 பார், அதாவது ரோடாக்ஸின் சிவப்புக் கோடு. சென்சார் பக்கம் காற்று மட்டுமே இருக்க வேண்டும், தண்ணீர் அதுவரை ஏறக் கூடாது. மாடிப்படி ஒன்று இருந்தால், விலையுயர்ந்த கருவி இல்லாமலே நமக்கு வேண்டிய இடத்தில் துல்லியமாகச் சோதிக்கலாம்.

6. சூடாக்கிப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் எல்லாம் சரியாக இருந்தால், தலைமுடி உலர்த்தும் கருவியால் கழற்றிய சென்சாரையும் அதன் ஒயரையும் கனெக்டரையும் சூடாக்கி மறுபடி அளந்து பாருங்கள். குழாயில் பெட்ரோல் இருக்கும்போது இதைச் செய்யவே கூடாது. கழற்றிய சென்சாரை மேசையில் வைத்து மட்டும்.

## மறுபடி வராமல் இருக்க

புதுச் சென்சார் சில வாரங்களில் போய்விடுகிறது என்றால், பெரும்பாலும் அது மாட்டப்பட்ட இடம்தான் காரணம். பித்தளைத் தண்டின் நுனியில் கனமான சென்சாரை என்ஜின் மேலேயே நீட்டிவைத்தால், அதிர்வு உள்ளிருக்கும் முள்ளையும் தேய்க்கும், தண்டையும் வெடிக்கவைக்கும். தண்டு உடைந்தால் சூடான என்ஜின் மேல் பெட்ரோல் பீய்ச்சும். அந்த விபத்தோடு ஒப்பிட்டால் பொய்யான சிவப்பு ஒன்றுமே இல்லை.

சென்சாரை, என்ஜின் அறையையும் விமானி அறையையும் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவரில் பட்டையால் இறுக்கி, தீத்தாங்கும் உறை போட்ட வளையும் குழாயால் என்ஜினோடு இணைப்பதே சரியான முறை. என்ஜின் பக்க இணைப்பில் ஊசித்துளை அளவுத் தடுப்பான் உள்ள எஃகு இணைப்பானைப் போட வேண்டும். குழாய் அறுந்தாலும் கசிவு சிறிதாக இருக்கும். டயாஃப்ரம் பம்பின் துடிப்பையும் அது அடக்கும். உயரத்தையும் கணக்கில் எடுங்கள்: பெட்ரோல் நிரம்பிய குழாயில் சென்சார் ஒரு மீட்டர் கீழே இருந்தால் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ கூடுதலாகக் காட்டும். கார்புரேட்டர் மட்டத்துக்கு அருகிலேயே வைப்பது நல்லது.

சுவருக்கு மாற்றும்போது ஒற்றை ஒயர் சென்சாருக்கு உடல்வழிக் கிரவுண்டு போய்விடும் என்பதை மறக்கிறார்கள். தனிக் கிரவுண்டு ஒயர் ஒன்றைத் திரையின் கிரவுண்டுப் புள்ளிக்கே கொண்டுபோக வேண்டும். மரைகளுக்கு வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. அதன் துணுக்கு கார்புரேட்டரின் ஜெட்டை, அதாவது பெட்ரோல் வரும் நுண்துளையை, அடைக்கும். எரிபொருள் தாங்கும் திரவப் பசையை, முதல் இரண்டு மரைகளை விட்டுவிட்டுத் தடவினால் போதும்.

எச்சரிக்கை எல்லையைக் கீழே இறக்கி விளக்கை அணைப்பது சிலர் செய்யும் குறுக்குவழி. 2.2 என்பது என்ஜின் தயாரிப்பாளர் வைத்த எல்லை, திரையில் உள்ள அமைப்பால் அது மாறாது. பொய்யான துள்ளல் தொந்தரவு தந்தால், பழுது முடியும்வரை எண்ணைச் சில நொடிகளின் சராசரியாகக் காட்டும் அமைப்பைக் கூட்டலாம், எல்லையைத் தொடக் கூடாது. பழுது முடிந்தபின் முதல் பறத்தலில் ஓடுபாதைக்கு மேலேயே வட்டமடித்து ஏறி, ஆயிரம் அடிக்கு ஒருமுறை அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, இறங்கியதும் திரையின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்தத் தாளை விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டில் இணைத்துவைத்தால், அடுத்த முறை சிவப்பு எரியும்போது ஒப்பிட ஒரு நல்ல அளவு கையில் இருக்கும்.